புருவத்தால் சொல்லும் ஆமாம்

நவுசோரி பேருந்தில் ஏறினால், யாராவது உட்கார்ந்திருக்கும் இருக்கையாகப் பார்த்துத்தான் உனைசி உட்காருவாள். முழு இருக்கை காலியாகக் கிடந்தாலும் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டாள். மழைக்கு இறக்கிவிட்ட தார்ப்பாய் படபடத்து முழங்கையை நனைக்கும். அவள் மடித்து வைத்த காகிதத்தைப் பிரித்து, பக்கத்தில் இருப்பவருக்கு ஒரே ஒரு வரியை வாசித்துக் காட்டுவாள். கேட்டவரின் புருவம் உயர்ந்தால் வரி தேறிவிட்டது. இந்த ஃபிஜித் தீவுகளில் ஆமாம் என்பதற்கு வாய் தேவையில்லை, புருவம் போதும். புருவம் அசையவில்லையென்றால், பம்மென்று நிற்கும் தலைமுடியில் செருகிய சிவப்புப் பென்சிலை உருவி அந்த வரியை அங்கேயே அடித்துவிடுவாள்.

ஒரு நாள் அப்படி மாட்டியவர், சந்தைக்குச் சேப்பங்கிழங்கு மூட்டையோடு போய்க்கொண்டிருந்த ஒரு பருத்த அம்மாள்.

“நீ விரும்பாதபோது உன்னைத் தொட்டாலும், உன் உடம்பைப் பற்றிப் பேசினாலும், அது தவறு” என்று வாசித்தாள் உனைசி.

“தொடறது சரி. பேசறதுமா? அப்போ என் தௌவூக்காரனுங்க எல்லாரையும் உள்ள தள்ளணும்!” அம்மாள் மூட்டை குலுங்கச் சிரித்தார். “போன வாரம் ஒருத்தன் என் இடுப்பைப் பார்த்துட்டு, இதுல இன்னும் ரெண்டு மூட்டை ஏத்தலாமேன்னான்.”

“நீங்க என்ன அத்தை சொன்னீங்க?”

“உன் மூஞ்சியைப் பார்த்தா கிழங்கே அழுகிடும், தள்ளி நில்லுடான்னேன். ரெண்டு பேருக்கும் ஒரே சிரிப்பு.”

ஆதியில் ஒரே தெய்வத்தைக் கும்பிட்ட இரண்டு ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் தௌவூ. என்ன சொல்லியும் கேலி செய்யலாம், எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கோபித்துக்கொண்டால் கோபித்தவருக்குத்தான் இழுக்கு.

“நீங்க சிரிக்கலைன்னா?” என்றாள் உனைசி.

அம்மாள் தார்ப்பாயின் கிழிசல் வழியாக ரேவா ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தார். பாலம் தாண்டியதும் மூட்டையைக் காலோடு இழுத்து வைத்துக்கொண்டார். “சிரிக்கலைன்னா அது என்ன தௌவூ?”

பென்சில் வெளியே வந்தது.

தலைநகர் சுவாவில் உள்ள ஒரு கல்லூரியில் மாணவியர் விடுதியைப் பார்த்துக்கொள்வதும், மாணவர் நல அலுவலகத்தில் உட்காருவதும் அவள் வேலை. பாலியல் தொல்லைக்கு எதிரான விதிகள் கல்லூரியில் முன்பே இருந்தன, இணையதளத்தின் ஏதோ மூலையில், வழக்கறிஞர்களின் ஆங்கிலத்தில். அவற்றை ஃபிஜி மொழியிலும், ஃபிஜி இந்தியிலும், மனிதர்கள் படிக்கிற ஆங்கிலத்திலும் எழுதும் பொறுப்பை அவளாகவே கேட்டு வாங்கிக்கொண்டாள். துப்புரவுப் பெண்களுக்கும் காவல்காரர்களுக்கும் தேநீர் வேளையில் வாசித்துக் காட்டுவாள். மரவள்ளிக் கிழங்கை மென்றபடி அவர்கள் ஆளுக்கொரு சொல்லைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவார்கள். அவளுக்கு அதுதான் வேண்டும்.

எதிர்மேசை ரவ்னீல் கல்லூரியின் சட்ட அதிகாரி.

“இது சட்டம் உனைசி. கொஞ்சம் கனமாத்தான் இருக்கும்.”

“இருக்கட்டும். தூக்கிட்டுப் போகப்போறது நீயா? அந்தப் பொண்ணுங்கதானே?”

“உன்கிட்ட வாதாட எனக்கு இன்னும் நாலு ரொட்டி உள்ள போகணும்” என்று அவன் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பான்.

அவளுடைய ஒரு பழக்கம் அலுவலகம் முழுக்கப் பிரசித்தம். தொலைபேசியிலும் புருவத்தாலேயே ஆமாம் சொல்லிவிடுவாள். மறுமுனையில் “அலோ, அலோ” என்று கத்திக்கொண்டிருப்பார்கள். “வாயைத் திற தாயே, அங்க உன் புருவம் தெரியாது” என்பான் ரவ்னீல்.

எந்தச் சொல்லோடும் சமாதானம் பேசிப் பார்ப்பவள், ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லை மட்டும் காகிதம் கிழிகிற மாதிரி அடிப்பாள். ரெஸ்பாண்டன்ட். வழக்கறிஞர்களுக்கு அது புகாருக்கு ஆளானவர்.

அதற்குக் காரணம் கெலெரா, கண்டாவுத் தீவுப் பெண். சமையல் கலை படிக்க வந்து உனைசியின் விடுதியில் தங்கியிருந்தவள். பயிற்சிச் சமையலறையில் அவளுடைய ஆசிரியர் அடுப்பருகே பின்னால் வந்து நிற்பார். கை எங்கெங்கோ போகும். “நான் உன் தௌவூ, கோபப்படக் கூடாது” என்பார். ஒரு நாள் அவள் துணிந்து அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னாள். அங்கே கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னாள். விதிகளைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். விசாரணை முடியும்வரை ரெஸ்பாண்டன்ட் நிறுத்தி வைக்கப்படலாம் என்று அதில் இருந்தது. அகராதியைப் பார்த்தாள். பதில் சொல்பவர் என்றது அகராதி.

“அவங்க கேட்டாங்க. பதில் சொன்னது நான்தானே?” என்று அறைத்தோழியிடம் சொல்லிவிட்டு, கல்லூரி தன்னை நிறுத்தும் முன் தானே ஊருக்குக் கப்பலேறிவிட்டாள். ஒரு துக்கத்துக்காகக் கிராமம் போயிருந்த உனைசி திரும்பி வந்தபோது, சன்னலோரக் கட்டிலில் வெறும் மெத்தைதான் கிடந்தது. புகார் சொன்னவள் இல்லாததால் விசாரணையும் மூடப்பட்டது. அந்த ஆசிரியர் இன்றும் சீட்டியடித்தபடி அதே சமையலறைக்குப் போகிறார்.

விடுதியில் மாலை வழிபாட்டுப் பாட்டு நான்கு குரலாகப் பிரிந்து எழும். கெலெரா பாடிய இரண்டாம் குரலுக்கு இப்போதும் பெண்கள் உண்டு, நன்றாகவே பாடுகிறார்கள். ஆனாலும் உனைசியின் காது அந்தக் குரலுக்கு அடியில் இன்னொன்றைத் தேடிக்கொண்டு போகும். பாட்டு முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்தபடியே நிற்பாள்.

எழுதி முடித்த ஒவ்வொரு பகுதியையும் தன் குரலில் பதிவு செய்து கெலெராவுக்கு அனுப்புவாள். பதிலில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. கடலில் பிடித்த கணவாய் மீனின் படம் வரும். அம்மாவுக்குக் கால்வலி என்று வரும். உனைசி அடுத்த பகுதியை அனுப்புவாள்.

கடைசிப் பகுதியை அனுப்பிய பிறகு, ஒரு பிற்பகலில் கெலெராவே அழைத்தாள். அவள் ஊரில் சிக்னல் கிடைப்பது ஈரப்பலா மரத்தடியில் மட்டும்தான். பின்னால் கோழிகளின் சத்தம்.

“அக்கா, எல்லாத்தையும் கேட்டேன். பதில் சொல்றவங்கன்னு எங்கயுமே வரலையே?”

“தூக்கிட்டேன். புகார் சொன்னவர், யார் மேல புகாரோ அவர். அவ்வளவுதான்.”

“அப்போ நிறுத்தி வைக்கிறது...”

“அவரை. உன்னை இல்ல. அன்னிக்கும் உன்னை இல்ல கெலெரா.”

எதிர்மேசையில் ரவ்னீல் ரொட்டியை மெல்வதை நிறுத்திவிட்டான்.

“கடைசியில ஒரு வரி இருக்கே. எப்போ நடந்திருந்தாலும், படிப்பை விட்டுப் போயிருந்தாலும், திரும்பி வந்து சொல்லலாம்னு.” குரல் இறங்கியது. “அது எனக்கும்தானா அக்கா?”

உனைசியின் புருவங்கள் நெற்றியின் உச்சிவரை ஏறின.

“அக்கா? அலோ? லைன் இருக்கா?”

போனைக் காதிலிருந்து எடுத்தாள். காணொளிப் பொத்தானை அழுத்தி, முகத்துக்கு நேராகப் பிடித்தாள். திரையில் சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. மரத்தடிக்குத் தன் முகம் போய்ச் சேரும்வரை, அவள் புருவத்தை இறக்காமல் காத்திருந்தாள்.