அக்கா வீட்டுச் செங்கல்

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்குமுன் வீடு கட்டியாக வேண்டும். கல்யாணமானால் மாப்பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் வருவார். உன்னிச்சையில் வயல் செய்த அப்பா, ஒவ்வொரு அறுவடையும் முடிய கொஞ்சம் செங்கல் வாங்கி வளவில் அடுக்கினார். அது அக்காவின் வீடு. நாங்கள் இருந்த வீடு அம்மாவுக்குப் பிறகு எனக்கு. பத்து வயதிலேயே வீட்டுக்காரியாகிவிட்ட மிதப்பு எனக்கு இருந்தது.

அக்காவுக்கு வந்தாறுமூலைக் கம்பஸில், பல்கலைக்கழகத்தில், இடம் கிடைத்த வருடம், வெள்ளம் வயலைக் கொண்டுபோய்விட்டது. விடுதிச் செலவுக்குக் கல்லை விற்பதென்று அப்பா முடிவெடுத்தார். அம்மா குதித்தாள்.

“நாலு வருசம் படிச்சுப்போட்டு வேலையில்லாம வந்து நிண்டா? வீடுமில்லாத புள்ளைய ஆர் எடுக்கிற?”

“உத்தியோகம் கிடைச்சா அவளே கட்டுவாள். சும்மா இரி.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல் போனால் அக்கா என் வீட்டைப் பிடித்துக்கொள்வாளே! பள்ளி விட்டு வந்ததும் தினமும் நாலைந்து கல்லாகத் தூக்கிக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளித்தேன். அதிலேயே ஒரு முழு வீடு எழும்பிவிடும் என்பது என் கணக்கு.

கல் வாங்க வந்தவர் உழவு இயந்திரத்தில் ஏற்ற ஏற்ற எண்ணினார். அறுபது குறைந்தது. “என்ர கையால எண்ணி அடுக்கின கல்லு” என்றார் அப்பா. வந்தவர் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். சொன்ன சொல் மாறாத அப்பாவின் முகம் கறுத்துப்போனது.

அக்கா என் சட்டையைப் பார்த்தாள். முன்பக்கமெல்லாம் செங்கல் தூள். காதைப் பிடித்துக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் இழுத்துப் போனவள், குவியலைக் கண்டதும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“எடியே, இதில கோழிக்கும் வீடு கட்டேலாது. தூக்கு, சுறுக்கா!”

இருவருமாகச் சுமந்தோம்.

இன்று அக்கா அரசாங்கக் கணக்காளர். அப்பா சொன்னபடியே தன் சம்பளத்தில் தானே வீடு கட்டினாள். அப்பாவின் கல்லில் அவ்வளவு பெரிய வீடு எழும்பியிராது. என் வீடும் என்னிடமே இருக்கிறது. அம்மா இப்போது அக்கா வீட்டில்தான் அதிகம் இருக்கிறாள், குளிரூட்டி இருப்பதால். ஆனால் அன்றைக்கு இதெல்லாம் நடக்கும் என்று யாருக்குத் தெரியும்?

கடைசி நடையில் அக்கா கல்லோடு நின்றாள்.

“நான் படிச்சும் வேலை கிடைக்காட்டி என்னடி செய்யிற?”

எனக்குக் கருணை பொங்கிவிட்டது. “பயப்பிடாதங்க அக்கா. இந்த வீட்ட ஒங்களுக்குத் தாறன்.”

அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவள் கல்லைக் கீழே போட்டுவிட்டு ஓவென்று அழுதாள். கல் காலில் விழுந்துவிட்டதாக்கும் என்று பதறி, நான் குனிந்து அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். எல்லாம் நன்றாகத்தான் இருந்தன.