பெயர் எழுதாத பிராது

அப்பாவின் புது மொபெட்டைக் கெடுத்தது நான்தான். அவர் உயிரோடு இருந்தவரை இதை அவரிடம் சொல்லவில்லை.

செல்போன் எங்கள் ஊருக்குப் புதிதாக வந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. அப்பா விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனித் தொழிலாளி. சைக்கிளிலிருந்து மொபெட்டுக்கு மாறியதே அவருக்குப் பெரிய சந்தோஷம். ஆறாவது படித்த எனக்கோ அது அவமானமாக இருந்தது. கூடப் படித்தவர்களின் அப்பாக்கள் பைக்கில் வந்தார்கள்.

வண்டி எடுத்த அன்று கடைக்காரர், "எதுனா கோளாறுன்னா கொண்டாங்கண்ணே, மாத்திக் குடுத்துடறோம்" என்றார். உதிரி பாகத்தைத்தான் சொன்னார். வண்டியையே மாற்றி, கெஞ்சினால் பைக்கே தருவார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன். நான் பொம்மை செய்து விளையாட அப்பா கம்பெனியிலிருந்து கொண்டுவந்து தந்த வெள்ளைக் களிமண்ணைக் கரைத்து, ஒரு தம்ளர் பெட்ரோல் டேங்கில் ஊற்றினேன்.

மறுநாள் வண்டி பாலக்கரையில் நின்றுவிட்டது. அப்பாவும் நானும் கடைவரை தள்ளிக்கொண்டு போனோம். டேங்கைத் திறந்த கடைக்காரர் சிரித்துவிட்டார்.

"என்னாண்ணே, டேங்குக்குள்ளயே பீங்கான் பண்றீங்களா? இத எப்படித் திருப்பி எடுத்துக்கறது? நம்பரு வேற வாங்கியாச்சு. கழுவி வேணா தரேன்."

அப்பா அந்த வெள்ளைச் சேற்றை விரலால் தொட்டுப் பார்த்தார்.

அம்மாதான் விடவில்லை. "எவனோ வயித்தெரிச்சல்ல பண்ணிருக்கான். கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டுங்க. ஊத்துன கை வெளங்காம போவணும்."

போலீசுக்கு எழுதுவதுபோல் சாமிக்கும் புகார் எழுதி, கோயில் வேலில் கட்டுவது எங்கள் ஊர் வழக்கம். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் எழுதும் வேலை எனக்கு வந்தது. கோயிலில் எங்களை உட்காரவைத்துவிட்டு அம்மா தேங்காய் வாங்கப் போயிருந்தாள். பேனாவைக் கையில் எடுத்தேன். விளங்காமல் போகவேண்டிய கையே அதுதான்.

"எதிரி பேரு என்னான்னு எழுதட்டும்பா?"

அப்பா எதிரே நட்டிருந்த வேலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பேரெல்லாம் வேணாம்டா. வண்டி நல்லா ஓடணும், புள்ள நல்லா படிக்கணும்னு எழுது."

"அம்மா கேட்டா?"

"அவகிட்ட நான் சொல்லிக்கறேன். நீ எழுது."

எழுதினேன். கைக்கு இனி ஒன்றும் ஆகாது என்ற நிம்மதியில், திரும்பும்போது கழுவி வாங்கிய வண்டியில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்து அப்பாவின் முதுகில் சாய்ந்து தூங்கிப்போனேன்.

எதிரியின் பெயர் தெரியாததால்தான் அவர் அதை எழுதச் சொல்லவில்லை என்று பல வருடங்கள் நம்பிக்கொண்டிருந்தேன்.