கிளவுடில் இருந்த அண்ணனின் நகரம்

தயவுசெய்து இதை யாருக்கும் காட்டாதீர்கள். முக்கியமாக என் அண்ணனுக்கு.

புனே ஹாஸ்டலுக்குப் போகும்போது அண்ணன் தன் கேம் கன்சோலை இங்கே தார்நாகாவில் ஒரு கேம் கடையில் விற்றுவிட்டான். "கன்சோல் போனா என்ன? என் நகரம் கிளவுடுல பத்திரமா இருக்கு" என்றான். அது மூன்று வருடமாக விளையாடி அவன் கட்டிய நகரம்.

போன வாரம் அப்பா எனக்கு ஒரு பழைய கன்சோல் வாங்கித் தந்தார். இன்று மத்தியானம் நெட் இல்லை. அதில் ஏற்கெனவே போட்டு வைத்திருந்த அண்ணன் கணக்கிலேயே அந்த விளையாட்டைப் புதிதாக ஆரம்பித்து, இரண்டு தெருவும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் கட்டினேன்.

நெட் வந்ததும் திரை கேட்டது: கிளவுடில் இருப்பதை வைத்துக்கொள்ளவா, இந்தக் கன்சோலில் இருப்பதையா?

என் தண்ணீர்த் தொட்டி போய்விடுமே என்று 'இந்தக் கன்சோல்' என்பதை அழுத்தினேன். அண்ணனின் நகரம் அழிந்துவிட்டது.

சாயங்காலம் அந்தக் கடைக்கு ஓடினேன். கடைக்காரரும் தமிழர்தான்.

"அங்கிள், அண்ணனோட பழைய கன்சோல்ல அது இருக்குமா?"

"அழிச்சிட்டு வித்துடுங்கன்னு உங்கண்ணன்தானே சொன்னான்? நக்கோ பேட்டா, அழாதே. டிஸ்க்குல கீறல்னா நான் சரிபண்ணித் தருவேன். இந்தக் கிளவுடு எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது. இனிமே கன்சோலே வேணாமாம், எல்லாம் கிளவுடுதானாம். அப்ப என்கிட்ட யார் வந்து அழுவா?"

அண்ணன் இன்று ராத்திரி லீவுக்கு வருகிறான். பாத்ரூமில் ஒளிந்துகொண்டு எழுதுகிறேன். நகரத்தைத் திரும்ப எடுக்க வழி தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள். தெரியாதவர்கள், என் தண்ணீர்த் தொட்டியாவது நன்றாக இருக்கிறதா என்று சொல்லுங்கள்.

கதவைத் தட்டுகிறான்.

"ஏய் குட்டி, சீக்கிரம் வெளிய வா! உன் கன்சோல்ல என் ஊரைக் காட்டறேன்!"