காட்டு மாமாவின் ஞாயிற்றுக்கிழமைகள்

மெத்தைக் கடையில் மேற்பார்வையாளராக இருப்பவருக்கு உலகத்தில் எதுவுமே அவசரமில்லை. வருகிறவர்களைப் படுக்கச் சொல்ல வேண்டும், புரண்டு பார்க்கச் சொல்ல வேண்டும், "எப்படி, மேகத்துல மிதக்கிற மாதிரி இருக்கா?" என்று குழைந்து கேட்க வேண்டும். காலமெல்லாம் அதைச் செய்தவர், ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீட்டு சோபாவில் தானும் மிதப்பார். அவருடைய மனைவிக்கு அதில் ஒரு குறையும் இல்லை. கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிற வேலை அவளுக்கு. வாரம் முழுக்க அந்த இயந்திரம் காதுக்குள் கீச்சிட்டுக்கொண்டே இருக்கும். ஒருநாளாவது யாரும் யாரையும் எழுப்பாமல் கிடந்தால் போதும் என்பதுதான் அவள் கட்சி.

அந்த நிம்மதியில் மண் விழுந்தது. நிஜமாகவே மண்தான். தாடி வைத்த ஒருவர், மண்ணைத் தொடாமல் வளர்கிற குழந்தைகள் மனசு வாடிப்போவார்கள் என்று பேசிய வீடியோ ஒன்றைக் கடையில் ஆள் இல்லாத மதியத்தில் இவர் பார்த்துத் தொலைத்தார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் மகளையும் மகனையும் உற்று உற்றுப் பார்த்தார். பிள்ளைகள் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன, ரிமோட்டுக்காக முடியைப் பிடித்துச் சண்டை போட்டுக்கொண்டு.

"பாவம், வாடிட்டாங்க" என்றார்.

"யாரு?" என்றாள் மனைவி.

அடுத்த வாரமே தொப்பி வந்தது. விசில் வந்தது. கழுத்தில் மாட்டிக்கொள்ளத் தொலைநோக்கி வந்தது. பாக்கெட் பாக்கெட்டாகத் தைத்த ஒரு கால்சட்டை வந்தது. அந்தப் பாக்கெட்டுகளில் போட அவரிடம் ஒன்றும் இல்லாததால் எல்லாவற்றிலும் டிஷ்யூ பேப்பரை வைத்துக்கொண்டார். இப்படித் தயாராகிப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே இருந்த ஏரிக்கரைக் காட்டுக்குப் போனார். மரத்தைக் கட்டிப்பிடிக்கச் சொன்னார். கண்ணை மூடி மௌனத்தைக் கேட்கச் சொன்னார். மௌனத்தைப் பற்றி அவர் பேசிய பேச்சில் அங்கிருந்த பறவைகள் எல்லாம் எழுந்து போய்விட்டன. மிச்சமிருந்த ஒன்றிரண்டில் எதைப் பார்த்தாலும் "அரிய வகை" என்றார். காக்கையை மட்டும் விட்டுவைத்தார்.

அங்கே எடுத்த படத்தை இணையத்தில் போட்டார், பார்த்தவர்கள் கைதட்டினார்கள். அவர்களுடைய அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு குடும்பம் தாங்களும் வரலாமா என்று கேட்டது, அப்புறம் இன்னொன்று கேட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பெரிய கூட்டமாகிவிட்டது. 'காட்டு மாமா' என்று பிள்ளைகள் கூப்பிட ஆரம்பித்தார்களாம். அப்படித்தான் அவர் சொல்லிக்கொண்டார். "எல்லாரும் என்னைக் காட்டு மாமான்னு கூப்பிடணும், சரியா?" என்று அவரே முதல் நாள் கற்றுக்கொடுத்ததை மனைவி பக்கத்திலிருந்து கேட்டாள்.

வந்த கூட்டமும் அவருக்கு ஏற்ற கூட்டம்தான். குழந்தை மண்ணைத் தொட வேண்டும் என்று கூட்டிவந்துவிட்டு, தொட்ட மறுநிமிடம் கையில் கிருமிநாசினியை ஊற்றுகிற அம்மாக்கள். இயற்கையைப் பார்க்க வந்து, சிக்னல் எங்கே கிடைக்கும் என்று மேட்டில் ஏறி நிற்கிற அப்பாக்கள். ஓர் அப்பா புல்வெளியில் உட்காரும் முன் கைக்குட்டையை விரித்து, அதன் மேல் இன்னொரு கைக்குட்டையை விரித்தார். இவர்களுக்கெல்லாம் ரொட்டியும் அவித்த முட்டையும் டீயும் மூட்டை கட்டிச் சுமப்பது மட்டும் காட்டு மாமாவின் மனைவி. காட்டு மாமா விசிலைச் சுமந்தார்.

ஆனாலும் அவளுக்கு அப்போது அவர்மேல் வெறுப்பில்லை. சிரிப்புதான் வரும். ஆம்பளைக்கு ஏதாவது ஒரு பைத்தியம் இருக்கத்தான் செய்கிறது, இது குடிக்கிறதை விடத் தேவலை என்று தேற்றிக்கொண்டாள். அவர் வீட்டில் இல்லாதபோது தொப்பியைத் தலையில் வைத்து அவரைப் போல நடித்துக் காட்டுவாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாடம், தீப்பெட்டி இல்லாமல் தீ மூட்டுவது.

ஏரிக்கரையில் ஒரு பெரிய மரத்தடியில் நீலத் தார்ப்பாயை விரித்துக் கூட்டம் உட்கார்ந்தது. மரத்தின் உச்சிக் கிளையில் அகலமாக ஒரு தேன்கூடு கறுப்பாகத் தொங்கியது. மகள்தான் முதலில் பார்த்தாள்.

"அப்பா, மேல தேனீப்பா. வேற மரத்துக்குப் போயிடலாம்."

காட்டு மாமாவுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்குமா? எல்லாரையும் எழுந்து நிற்கச் சொன்னார். "தேனீ நம்ம தோழன். நாம பயப்படாம இருந்தா அது ஒண்ணும் பண்ணாது. வந்துச்சுன்னா சிலை மாதிரி நிக்கணும். எங்க, எல்லாரும் சிலையா நில்லுங்க பார்ப்போம்." பிள்ளைகள் சிலையாக நின்றன. பெரியவர்கள் அதைப் படம் எடுத்தார்கள்.

அப்புறம் குச்சியோடு குச்சியைத் தேய்க்க உட்கார்ந்தார். தேய்த்தார், தேய்த்தார், வியர்வை தாடையில் சொட்டுகிற வரை தேய்த்தார். குச்சி சூடானதோ இல்லையோ, அவர் சூடாகிவிட்டார். "காத்துல ஈரம் ஜாஸ்தி" என்றார். மேட்டில் நின்றிருந்த ஓர் அப்பா பரிதாபப்பட்டுத் தன் சிகரெட் லைட்டரை நீட்டினார். காட்டு மாமா வெட்கமே இல்லாமல் வாங்கிப் பற்றவைத்துவிட்டு, "ஆதி மனுஷன் இப்படித்தான்" என்றார். எரிய வேண்டுமே என்று பச்சை இலைகளையும் ஈரச் சருகையும் அள்ளி அள்ளி மேலே போட்டார். தீ அணைந்து புகை எழுந்தது. கனமான வெள்ளைப் புகை, நேராக உச்சிக் கிளைக்கு.

"என்னங்க, புகை கூட்டுக்குப் போகுது. தண்ணிய ஊத்திடுங்க" என்றாள் மனைவி.

"நீ சும்மா இரு. எனக்குத் தெரியாதா?"

மேலேயிருந்து ஒரு ரீங்காரம் இறங்கியது. அவளுடைய கடை இயந்திரம் போன்ற சத்தம்தான், ஆனால் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது. ஒரு குழந்தை வீறிட்டது. கூட்டம் சிதறியது. சிலர் ஏரித் தண்ணீருக்குள் ஓடினார்கள், சிலர் சாலைப் பக்கம். எல்லாருக்கும் முன்னால் ஓடியவர் காட்டு மாமா. அத்தனை வருட சோபா வாழ்க்கையில் அந்தக் கால்களுக்கு இப்படி ஒரு வேகம் இருப்பது யாருக்கும் தெரியாமல் போயிருந்தது. தொப்பி ஒரு பக்கம் விழ, சாலையோரம் நிறுத்தியிருந்த தன் காருக்குள் பாய்ந்து, கதவைச் சாத்தி, கண்ணாடியை ஏற்றி, பூட்டியும் கொண்டார்.

மகன் அப்பாவின் பின்னாலேயே ஓடியிருந்தான். கதவு திறக்கவில்லை. இரண்டு கையாலும் கண்ணாடியைத் தட்டினான். "அப்பா! அப்பா, தொறப்பா!" உள்ளேயிருந்து அவர் தலையை ஆட்டினார். பிறகு விரலை உதட்டில் வைத்து, கையைக் கீழே அழுத்தி அழுத்திக் காட்டினார். அதற்கு என்ன அர்த்தம் என்று ஓடிவந்துகொண்டிருந்த மனைவிக்குப் புரிந்தது. சிலை மாதிரி நில் என்கிறார்.

அவள் மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்ப ஓடினாள். தார்ப்பாயை உதறினாள், முட்டைகள் நாலா பக்கமும் உருண்டன. மகனையும் மகளையும் அங்கே அழுதுகொண்டு நின்ற வேறு பிள்ளைகளையும் ஒன்றாகச் சேர்த்து அமுக்கி உட்காரவைத்து, மேலே தார்ப்பாயைப் போர்த்தி, ஓரங்களைத் தன் கையாலும் காலாலும் அழுத்திக்கொண்டு மேலே கவிழ்ந்தாள். முதுகிலும் கழுத்திலும் கொட்டியது. உள்ளே மகள் சின்னதுகளிடம், "அழாதீங்க, எங்கம்மா மேல இருக்காங்க" என்று சொல்வது கேட்டது.

புகை அடங்கி, தேனீக்கள் அடங்கி, எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. அவள் முகம் கண் தெரியாமல் வீங்கியிருந்தது. காட்டு மாமாவுக்குக் காது மடலில் ஒரே ஒரு கொட்டு. அவரோடு காருக்குள் மாட்டிக்கொண்ட ஒரு தேனீ வேறு வழியில்லாமல் கொட்டியிருக்க வேண்டும். அந்தக் காதைப் படம் பிடித்துப் போட்டார்.

வீட்டில் மகன் கேட்டான். "அப்பா, ஏம்ப்பா கதவத் தொறக்கல?"

"லாக் மாட்டிக்கிச்சுடா. அப்பா எவ்ளோ முயற்சி பண்ணேன் தெரியுமா?"

பையன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான், வீங்கிய முகத்தில் அவனுக்கு என்ன தெரிந்ததோ, எழுந்து போய்விட்டான். அன்றிலிருந்து அவள் மனசுக்குள் 'அவர்' என்பது 'அவன்' ஆகிவிட்டது. வாயில் வழக்கம்போல 'என்னங்க'தான்.

கூட்டம் கலைந்துவிடும் என்று நினைத்தாள். அது நடக்கவில்லை. ஆபத்திலிருந்து தப்பியதில் அவர்களுக்கு ஒரு பெருமை வந்துவிட்டது. இதுவரை ஒருவர் வாழ்க்கையிலும் சொல்லிக்கொள்ள ஒன்றும் நடந்ததில்லை. குடியிருப்பின் பொதுக்கூடத்தில் நாற்காலி போட்டு, காட்டு மாமாவுக்குப் பாராட்டு வைத்தார்கள். தேனீ வந்ததும் பதறாமல், உதவிக்கு ஆள் கூப்பிட வண்டியை நோக்கி ஓடியதாகவும், வலியைப் பொறுத்துக்கொண்டு கட்டளை கொடுத்ததாகவும் அவன் விவரித்தான். கைக்குட்டை அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார், அந்த இரண்டில் ஒரு கைக்குட்டையால்தான்.

"மாமி ரெண்டு வார்த்தை பேசணும்" என்று யாரோ அவளைப் பிடித்து மைக்குக்கு முன்னால் தள்ளினார்கள்.

அவள் மேடைப் பேச்சு அறியாதவள். நடந்ததைச் சொன்னாள்.

"அவர் உதவிக்கெல்லாம் ஓடல. காருக்குள்ள போய்ப் பூட்டிக்கிட்டார். எம் பையன் கண்ணாடியத் தட்டினான். தொறக்கல."

பின்வரிசையில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். உடனே எல்லாரும் சிரித்தார்கள். கைதட்டினார்கள். "புருஷன வாருறதுன்னா பொம்பளைங்களுக்கு எவ்ளோ சந்தோஷம் பாருங்க!" என்றார் லைட்டர் கொடுத்த அப்பா. தார்ப்பாய்க்கடியில் பிழைத்த பிள்ளை ஒன்றின் அம்மாகூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். காட்டு மாமாவின் மனைவி மைக்கைப் பிடித்தபடி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒருவராவது சிரிக்காமல் இருக்கிறாரா என்று தேடினாள். மகனும் மகளும் மட்டும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அவன் வெகு குஷியாக இருந்தான். "நல்லா காமெடி பண்ணினே போ. டைமிங் பிரமாதம். அடுத்த தடவையும் இப்படியே பேசு."

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். நடிக்கிறானா என்று பார்த்தாள். நடிக்கவில்லை. அவனுக்கே அது கதையாகிவிட்டிருந்தது. இவனிடம் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது, கோபத்துக்கும் ஒரு ஆள் வேண்டாமா என்று தோன்றியது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இப்போதும் ஞாயிறு தவறாமல் கூட்டம் போகிறது. ஒரு பள்ளிக்கூடத்தில் 'பயத்தை வெல்வது எப்படி' என்று பேசக்கூட அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். விடிந்ததும் விசிலை மாட்டிக்கொண்டு, படுக்கையறை வாசலில் நின்று, "யாராவது வர்றீங்களா?" என்று கேட்கிறான். அவள் போர்வைக்குள் கண்ணை மூடிக்கொள்கிறாள். ஒரு பக்கம் மகன் அசையாமல் கிடக்கிறான். இன்னொரு பக்கம் மகள் தேவைக்கு மேல் சத்தமாகக் குறட்டை விடுகிறாள். குழந்தை பொய்யாகக் குறட்டை விடுகிறது என்று எந்த அம்மாவுக்கும் தெரியும். அவள் கண்டிப்பதில்லை, போர்வையை இழுத்து மகளுக்கும் சேர்த்துப் போர்த்திவிடுகிறாள்.