செபாஸ்டியன் சாரின் காபி மாத்திரைகள்

காதருகே வைத்து ஒரு குலுக்கு. பிறகு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, விளிம்பை நகத்தால் ஒரு சுற்று தடவிவிட்டு, "இது வேணாம்" என்று பெட்டியிலேயே திருப்பி வைக்கிறார் செபாஸ்டியன். அடுத்ததை எடுக்கிறார். காலை ஐந்தே முக்கால். சமையலறை மேடையில் கறுப்புக் காபி மெஷின் பச்சை விளக்கை எரியவிட்டுக்கொண்டு காத்திருக்கிறது. அவர் மனைவி ஞானகுமாரி அடுப்பில் பால் காய்ச்சி, ஃபில்டரில் இறங்கிய டிகாக்‌ஷனை ஊற்றி, ஆற்றி, பாதி டம்ளரைக் குடித்தும் விட்டாள்.

"மாத்திரை இன்னும் முடிவாவலியா?" என்கிறாள். பெட்டியில் கேப்ஸ்யூல் என்று போட்டிருக்கிறது. அவளுக்கு அது மாத்திரைதான்.

"இரு ஞானம். இன்னிக்கு ஞாயித்துக்கெழம, பூசையில பிரசங்கம் கீது. பதினொண்ணு போட்டாத்தான் முழிச்சுகினு ஒக்கார முடியும்."

பதினொன்று என்பது அந்தக் குட்டி அலுமினியக் கிண்ணத்துக்குள் இருக்கும் காபியின் காரம். ஆறு தங்க நிறம், எட்டு நீலம், பதினொன்று கறுப்பு. டப்ளினில் வேலை பார்க்கும் மகள் ஷாரன், பெற்றோரின் முப்பதாவது கல்யாண நாளுக்கு மெஷினையும் அனுப்பி, வீடியோ காலில் ஒன்றரை மணி நேரம் பாடமும் எடுத்தாள். அதிலிருந்து ஏழு மாதமாகத் தினமும் காலையில் இந்தத் தேர்வு நடக்கிறது. ஒருநாள் கண்ணைக் கட்டிக்கொண்டு மூன்றையும் குடித்துப் பார்த்தார். மூன்றும் ஒரேமாதிரி கசந்தன. "இருவத்தொம்போது வருசம் இன்ஸ்பெக்டரா கீறேன். என் நாக்கு மூணையும் ஓகே பண்ணிடுச்சு பாரு" என்று அவரே சொல்லிச் சிரித்தார். அப்படியும் மறுநாள் காலை காதருகே வைத்துக் குலுக்கத்தான் செய்தார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில், கார் சீட்டுக்கு இரும்புத் தாங்கிகள் அடிக்கும் பிரஸ் ஷாப் ஒன்றில் அவர் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அவர் மேசையில் இரண்டு தட்டுகள். நல்ல பீஸ் பச்சைத் தட்டுக்குப் போகும். கெட்ட பீஸின் மேல் பெயின்ட் மார்க்கரால் சிவப்பாக ஒரு பொட்டு வைத்துச் சிவப்புத் தட்டில் போடுவார். மற்ற இன்ஸ்பெக்டர்களிடம் மூன்றாவதாக ஒரு மஞ்சள் தட்டும் உண்டு. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கும் பீஸ்களுக்கு. செபாஸ்டியன் அதை மேசையில் ஏற்றியதே இல்லை. "மஞ்ச தட்டு வெக்கிறவனுக்கு ஒண்ணு கண்ணு தெரில, இல்ல தெகிரியம் இல்ல" என்பார். இதைச் சொல்லும்போது அவர் மீசை ஒருபக்கம் லேசாகத் தூக்கும்.

அந்த மார்க்கரை மேசையோடு விட்டுவிட்டு வந்திருந்தால் சேக்காட்டில் அவர் தெரு நிம்மதியாக இருந்திருக்கும். சட்டைப் பையிலேயே கொண்டுவந்துவிட்டார். நான்கு வருடமாகத் தெரு நலச்சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். மக்கும் குப்பைக்குப் பச்சைக் கூடை, மக்காத குப்பைக்கு நீலக் கூடை. எந்த வீட்டிலாவது மாற்றிப் போட்டிருந்தால், மறுநாள் காலை வாசலில் நின்று அந்த வீட்டுக் கூடையில் ஒரு சிவப்புப் பொட்டு வைப்பார். வைத்துவிட்டு, "காயறவரைக்கும் கை வெக்காதீங்க" என்று ரொம்பப் பணிவாகச் சொல்லிவிட்டு நகர்வார். திட்டு வாங்கியிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றும். எதிர்வீட்டு ஜெயப்பிரியாவின் கூடையில் இரண்டு பொட்டுகள்: ஒன்று பச்சைக் கூடையில் கிடந்த சிப்ஸ் பாக்கெட்டுக்கு, மற்றது நீலக் கூடையில் கிடந்த எலுமிச்சைத் தோலுக்கு. தெருவில் பொட்டு வாங்காத கூடைகள் ஒரே வீட்டில்தான் உண்டு, அவர் வீட்டில். அந்தக் கூடைகளைச் சனிக்கிழமைதோறும் சோப்புப் போட்டுக் கழுவி, ரோட்டில் போகிறவர்கள் பார்க்கட்டும் என்று காம்பவுண்டு சுவரில் கவிழ்த்து வைப்பார்.

குப்பை வாங்க பேட்டரி வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறவள் நாகம்மா. இரண்டு வருடம் முன்பு ஒரு மழை நாளில் அவள் பச்சையையும் நீலத்தையும் ஒரே டிரம்மில் கவிழ்த்ததைச் செபாஸ்டியன் மாடியிலிருந்து போட்டோ எடுத்து, ஒரு கடிதத்தோடு சூப்பர்வைசருக்கு அனுப்பினார். அவளை ஒரு வாரம் தரம் பிரிக்கும் ஷெட்டில், அழுகின குவியலுக்கு நடுவே நிற்க வைத்தார்கள். திரும்பி வந்ததிலிருந்து தினமும் அவர் கூடையைச் சாய்த்து உள்ளே காட்டி, "சரியா கீதா சார்?" என்று கேட்கிறாள். அது மரியாதையா, குத்தலா என்று அவருக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

இப்படிப்பட்டவர் வீட்டுக்குத்தான் அந்த மெஷின் வந்தது. முதல் நாள் முதல் காபி குடித்து முடித்ததும் தீர்ந்துபோன மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு குப்பைக் கூடைகளுக்கு நடுவே நின்றார். உள்ளே ஈரத் தூள், மக்கும். வெளியே அலுமினியம், மக்காது. பச்சையில் போட்டாலும் தப்பு, நீலத்தில் போட்டாலும் தப்பு. ஐந்து நிமிடம் நின்றார். பிறகு மாடிப்படிக்கு அடியில் கிடந்த பழைய மஞ்சள் பெயின்ட் வாளியில் அதைப் போட்டு மூடினார். வாளியின் நிறத்தைக் கவனித்தது மறுநாள்தான். "ஊட்டுக்குள்ளயே மஞ்ச தட்டு வெச்சிட்டேனே ஞானம்" என்று சொல்லித் தலையில் கை வைத்துக்கொண்டார்.

வாளி நிறைந்தது. மெஷினை மூட்டை கட்டலாம் என்றால், ஒவ்வொரு ஞாயிறும் ஷாரன் போனில், "டாடி, எந்த ஃபிளேவர் போட்டீங்க? காட்டுங்க" என்கிறாள். அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கொஞ்சம் மாத்திரைகளைச் சாப்பாட்டுப் பையில் மறைத்துக் கம்பெனிக்குக் கொண்டுபோனார். இரும்புக் கழிவுத் தொட்டியின் மேல் 'வேறு உலோகம் கலக்காதீர்' என்று ஒரு பலகை. கீழே கையெழுத்து அவருடையது. பையை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார்.

பிறகு ஒரு சனிக்கிழமை வாளியோடு பஸ் ஏறிப் பூந்தமல்லிக்குப் போனார். மெட்ரோ தூண்களைத் தாண்டிப் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் பக்கீர் முகமது, வாளியின் மூடியைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஏழு மாதக் காபி புளித்துப்போய் அப்படி ஒரு வாடை.

"அண்ணாத்தே, அலுமினியம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா உள்ள இன்னா சேறு கீது பாருங்க. நல்லா கழுவி காயவெச்சு எட்தாங்க, வாங்கிக்கிறேன்."

அன்று மத்தியானமே கழுவ உட்கார்ந்தார். பாதி கழுவுவதற்குள் காபித்தூள் சிங்க்கை அடைத்துக்கொண்டது. ஞானகுமாரி குச்சியை விட்டுக் குத்திக்கொண்டே, "முப்பது வருசமா ஃபில்டர்ல போட்டு குடிச்சேன். ஒருநாளு அந்த தூளால ஊட்ல சண்ட வந்துதா?" என்றாள். செபாஸ்டியன் கழுவின மாத்திரைகளையும் கழுவாத மீதியையும் மொட்டைமாடியில் அவள் வடகம் காயவைக்கும் பாயிலேயே பரப்பினார். வடகம் போடுகிற நாளில் ஞானகுமாரி பாய்க்கு மேலே கறுப்புத் துணி கட்டுவாள். எதற்கு என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. மாலை நான்கு மணிக்கு ஏறிப் பார்த்தபோது பாயில் பாதி காலி. சுவரில் ஒரு காக்கை, அலகில் தங்க நிற ஆறாம் நம்பரைக் கவ்விக்கொண்டு அவரையே பார்த்தது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே தெரு வாட்ஸப் குழுவில் போட்டோக்கள் வரத் தொடங்கின. கார் மேல் நான்கு. தண்ணீர்த் தொட்டிக்குள் ஒன்று. துளசிச் செடியடியில் இரண்டு. ஜெயப்பிரியா எழுதியிருந்தாள்: 'தெரு பூரா இந்தக் கப்பு. எல்லாம் நாகம்மா வண்டியிலிருந்து சிந்தினதுதான். செயலாளர் சார், உடனே சூப்பர்வைசருக்கு லெட்டர் கொடுங்க.' அதற்குக் கீழே பதினோரு கட்டைவிரல்கள். செபாஸ்டியன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகத் தட்டச்சு செய்தார்: 'விசாரிக்கப்படும்.'

மறுநாள் பூசை முடிந்து வந்து விசாரித்தார். ஒரு துணிப்பையோடு வீடு வீடாக ஏறி, தன் மாத்திரைகளைத் தானே பொறுக்கினார். ஒவ்வொரு வீட்டிலும் நாகம்மாவைப் பற்றி ஒரு குறை சொன்னார்கள். ஒவ்வொன்றுக்கும் "அப்பிடியா" என்று தலையாட்டினார். ஜெயப்பிரியா ஒன்றை விரல் நுனியில் தூக்கிப் பிடித்து, "இன்னா சார் இது?" என்றாள். "மருந்து கம்பெனி ஐட்டம் மாதிரி கீது" என்றார். சொன்னபோது காது மடல் சூடானது.

"அடுத்த தபா பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட சொல்லுங்க, அவுரு மன்னிச்சிருவாரு" என்றாள் ஞானகுமாரி, அவர் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும். "நாகம்மா மன்னிக்குமா?"

சாயங்காலம் சங்கத்தின் லெட்டர் பேடை எடுத்து உட்கார்ந்தார். 'மேற்படி ஊழியர் தமது பணியில் தொடர்ந்து' என்பதுவரை கை தானாக ஓடியது. பழைய கடிதமும் அப்படித்தான் தொடங்கியது. அதற்கு மேல் ஓடவில்லை. இருபத்தொன்பது வருடத்தில் நல்ல பீஸுக்குச் சிவப்பு வைத்துவிட்டான் என்று அவரை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கெட்ட பீஸ் தப்பிப் போவதைவிட அதுதான் பெரிய அவமானம் என்று நினைக்கிறவர் அவர். அந்தக் கம்பெனியில் இரும்புக்குக் கொடுத்த நியாயத்தை, தெருவில் ஒரு மனுஷிக்குக் கொடுக்கவில்லை என்பது அப்போது உறைத்தது. வெட்கமாக இருந்தது. காகிதத்தைக் கிழித்தார்; கிழித்ததை எந்தக் கூடையில் போடுவது என்று ஒரு கணம் யோசித்ததில் தன்மீதே எரிச்சல் வந்தது.

திங்கள் காலை ஏழு மணிக்கு வண்டி வந்தது. எதிர்வீட்டு வாசலில் ஜெயப்பிரியா கூடையோடு நின்றாள். குப்பை போடும் அவசரம் அவள் முகத்தில் இல்லை. நாகம்மா வண்டியை நிறுத்தினாள். செய்தி அவளுக்கும் எட்டியிருந்தது.

"லெட்டர் குட்த்துட்டீங்களா சார்?" என்றாள். "நான் சிந்தல. எம்புள்ளைங்க மேல சத்தியம். திரும்ப அந்த ஷெட்டுல நிக்க வெச்சிராதீங்க. போன தபா ஒரு வாரம் சோறு எறங்கல."

செபாஸ்டியன் மாடிப்படிக்கு அடியிலிருந்து மஞ்சள் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் காலடியில் வைத்தார். மூடியைத் திறந்தார்.

"என்னுது" என்றார். "எல்லாம் எங்கூட்டுது நாகம்மா. மாடில காயவெச்சேன், காக்கா தூக்கிகினு பூட்ச்சு." பிறகு எதிர்வீட்டுக்கும் கேட்கட்டும் என்று குரலைத் தூக்கினார். "ஜெயப்பிரியா, லெட்டர்லாம் கெடையாது. கப்பு என்னுது. நேத்து உங்கிட்ட சொன்னது பொய்."

நாகம்மா ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தாள். "காபியா? இத்தினியா குட்ச்சீங்க?"

"ஏழு மாசம்."

அவள் அதை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். "இது பச்சையா, நீலமா சார்?"

தெருவில் எல்லோருக்கும் பதில் சொன்ன மனிதர் வண்டியின் இரண்டு டிரம்களையும் மாறி மாறிப் பார்த்தார். "தெரில" என்றார்.

"தெரிலன்னா கேக்கறது. தெனம் உங்க ஊட்டாண்டதான வந்து நிக்கிறேன்?" மேல் தகட்டை நகத்தால் கிழித்தாள். தலைகீழாக வண்டி விளிம்பில் ஒரு தட்டு தட்டினாள். காய்ந்த தூள் கட்டியாகப் பச்சை டிரம்மில் விழுந்தது. வெறும் கிண்ணத்தை வண்டிப் பக்கத்தில் தொங்கிய சாக்கில் போட்டாள். "கழுவவே வேணாம். காஞ்சதும் தட்டுனா வந்துரும். இந்த மாதிரி தகரத்தெல்லாம் நான் தனியாத்தான் கட்டி வெக்கிறேன். அவ்ளோதான் சார்."

ஏழு மாதம், ஒரு கம்பெனி, பூந்தமல்லி பஸ், அடைத்த சிங்க், அத்தனை காக்கைகள். அவ்வளவுதான். செபாஸ்டியனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் மீசைக்குள்ளேயே சிரித்தார். பிறகு உள்ளே போய், கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்த தன் நீலக் கூடையை எடுத்து வந்தார். சட்டைப் பையிலிருந்த மார்க்கரை நாலு குலுக்கு குலுக்கி, மூடியைக் கழற்றி, அவளிடம் நீட்டினார்.

"எனக்கு எதுக்கு சார் இது?"

"வெய்யி."

நாகம்மா கையுறையைக் கழற்றினாள். வைப்பதற்கு முன் கூடையைச் சாய்த்து உள்ளே ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு கூடையின் நடுவே, நன்றாக அழுத்தி, தாராளமாக ஒரு பொட்டு வைத்தாள். மார்க்கரை மூடித் திருப்பிக் கொடுத்தாள். வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் சொன்னாள்.

"காயறவரைக்கும் கை வெக்காதீங்க சார்."

வண்டி அடுத்த வீட்டுக்கு நகர்ந்தது. செபாஸ்டியன் கூடையின் பிடியை இரண்டு விரலால் பிடித்து, பொட்டு எதிர்வீட்டைப் பார்க்கும்படி திருப்பி, உடம்பில் படாமல் கையை நீட்டிக்கொண்டு, அது காயும்வரை கேட்டுக்கு வெளியே நின்றார்.