குளியலறைக்கு ஒரு முரட்டுக் கல்

கல்லுக்கடைக்காரருக்கு அவருடைய ஆட்கள் வைத்த பெயர் பளபளா. அது அவர் வழுக்கை மண்டைக்குப் பொருந்தும், வாய்க்குப் பொருந்தும், வீட்டுத் தரைக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும்.

வீடு அவருக்குக் கடையின் இன்னோர் அறை. கல் வாங்க வருகிறவர்களை, "போட்டா எப்படி இருக்கும்னு வந்து பாருங்க" என்று கையோடு கூட்டிவந்துவிடுவார். கூடத்தில் வெள்ளை மார்பிள். எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு பட்டாலும் தழும்பு விழும் என்பதால் அங்கே யாரும் எதுவும் சாப்பிடக் கூடாது. வாசல்படியில் எண்ணெயைக் குடிக்கும் மணற்கல். சுவரில் ஏடு ஏடாக ஸ்லேட் கல், தூசி குடியிருக்கவென்றே ஒட்டியது. சமையல் மேடையில் கறுப்பு கிரானைட். சூடு பட்டாலும் கறை பட்டாலும் கவலையில்லை, அந்த வீட்டில் உருப்படியாக இருந்தது அது ஒன்றுதான். குளியலறையில் மறுபடியும் மார்பிள். அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம். ஈரக் காலோடு நிற்கத்தான் முடியாது.

இத்தனை அழகையும் காலமெல்லாம் குனிந்து துடைத்தவள் அவர் மனைவி. அவளுக்கு முட்டி மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. நடந்தால்தான் கால் தேறும், படுத்தால் விறைத்துப்போகும் என்று சொல்லி அனுப்பினார்கள். வந்த வாரமே குளியலறையில் இரண்டு முறை வழுக்கினாள். முதல் முறை பிடிக்க, வீட்டுக்கு வந்துபோகும் நர்ஸ் இருந்தாள். அடுத்த முறை கதவுதான் இருந்தது. அதோடு கட்டிலுக்கே பெட்பான் வந்தது.

"என்னங்க, குளியலறையில மட்டும் சொரசொரன்னு ஒரு கல்லு போட்டுடுங்க. சுவத்துல ஒரு கைப்பிடியும்."

"மார்பிள்ல ஓட்டை போடச் சொல்றியா? பார்க்க வர்றவன் காறித் துப்புவான்."

"நான் விழுந்தா?"

"பார்த்து நட. நான் நடக்கலையா?"

அவர் நடந்தார். அவருக்கு முன்னால் தரையைத் துடைக்க ஒருத்தி இருந்தாளே. நர்ஸ் ரப்பர் விரிப்பு வாங்கிப் போட்டாள். ஆள் வரும்போதெல்லாம் அதைச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளினார். பெண்டாட்டியையும் சேர்த்துச் சுருட்ட முடியவில்லையே என்ற வருத்தம் முகத்தில் தெரிந்தது.

கொல்லையில், துணி துவைக்கும் இடத்தில், தீயில் வாட்டிச் சொரசொரப்பாக்கிய கிரானைட் பாவியிருந்தது. விற்காத சரக்கு, அதனால் அங்கே கிடந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு அதில் ஒருநாள் அவள் நடந்து பார்த்தாள். ஈரத்திலும் கல் காலை விடவில்லை. இவரிடம் கெஞ்சுவதைவிடச் செவிட்டுச் சுவரிடம் கெஞ்சலாம் என்று அவளுக்கு உறைத்ததும் அங்கேதான்.

வீடு கட்டிக்கொண்டிருந்த ஒரு டீச்சரை அவர் அழைத்துவந்த அன்று அவள் காத்திருந்தாள். குளியலறைத் தரையில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி, "நிறம் எப்படி எடுக்குது பார்த்தீங்களா மேடம்?" என்றார்.

"டீச்சர், வீட்டுல பெரியவங்க இருக்காங்களா?" என்று குளியலறை வாசலில் நின்று கேட்டாள் அவள்.

"மாமியார் இருக்காங்கம்மா."

"அவங்களை நினைச்சுக்கிட்டு அந்த ஈரத்துல ஒரு எட்டு வைங்க."

டீச்சர் வைத்தாள். வைத்த வேகத்தில் குழாயைக் கட்டிப்பிடித்தாள்.

"இப்ப கொல்லைக்கு வாங்க." அவளே வாக்கரோடு முன்னால் போய், தண்ணீரைக் கொட்டி, அதன்மேல் நடந்து காட்டினாள்.

"இதை ஏன் சார் எங்கிட்ட காட்டலை?"

பளபளாவின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. "கடைசியா காட்டலாம்னு வெச்சிருந்தேன் மேடம். இவளுக்காகப் பார்த்துப் பார்த்துப் போட்டது."

அந்தப் பொய்யை அவள் விழுங்கிக்கொண்டாள், காரியம் இன்னும் பாதியில் நின்றது.

"குளியலறையில போட்டுப் பார்க்காம எப்படி டீச்சர் வாங்குவீங்க?"

"அதானே! போட்டுக் காட்டுங்க சார். கைப்பிடியோட."

மறுநாளே கொத்தனார் வந்தார். மனைவி உயிருக்கு உடையாத மார்பிள் வியாபாரத்துக்கு உடைந்தது.

இப்போது அவள் தனியாகப் போகிறாள், உள்ளே தாழ் போட்டுக்கொள்கிறாள். வெளியே அவர், கல் பார்க்க வந்த யாருக்கோ மனைவிமேல் தனக்குள்ள பாசத்தை விளக்கிக்கொண்டு கதவைத் தட்டுகிறார்.

"ஆள் இருக்கு," என்கிறாள். கைப்பிடியைப் பிடித்தபடி காலை நிதானமாக மடக்கி நீட்டுகிறாள். "நேரமாகும். நில்லுங்க."