சுவரை நுகர்ந்தவள்

லேனா ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊருக்குத் தீயணைப்பு வண்டி கிடையாது. கிளஃபீராவின் மூக்குதான் இருந்தது.

முழு மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய வீடு லேசில் எரியாது. வெளிப்பக்கம் கரியாகும், அந்தக் கரியே உள்மரத்தைக் காப்பாற்றிவிடும். வெளியூர்க்காரர்கள் இதை நம்ப மாட்டார்கள், கிடக்கட்டும். ஆபத்து மரத்தில் இல்லை. குளிர் நுழையாமல் இருக்க மரங்களுக்கு நடுவே காய்ந்த காட்டுப்பாசியைத் திணித்திருப்போம், அதில்தான் இருக்கிறது. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் உள்ளே எங்காவது கங்கு கனன்றுகொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது.

கிளஃபீரா இடுக்கு இடுக்காக மூக்கை வைத்து நுகர்ந்துகொண்டே போவாள். "இங்க தோண்டு" என்பாள். தோண்டினால் கங்கு இருக்கும். பால்பண்ணையில் சாணி அள்ளியவளுக்கு இதனால் ஊரில் தனி மரியாதை. எந்த விருந்திலும் முதல் தட்டு அவளுக்குத்தான். அந்தத் திமிரும் அவளிடம் உண்டு. எனக்கு அவளை அவ்வளவாகப் பிடிக்காது.

கொரோனா வந்துபோன மறு கோடையில் காடு பற்றிக்கொண்டது. தெரென்தியின் கொட்டகை சாம்பலாகிவிட்டது. வீட்டுச் சுவர் கரிபிடித்து நின்றது. ஊரே சேர்ந்து அணைத்து முடித்ததும் அவன் மனைவி லுகேரியா கிளஃபீராவைக் கூட்டிவந்தாள்.

"நல்லாப் பாருங்கக்கா. இவரு தூங்கியே ரெண்டு நாளாச்சு. உள்ள படுக்கலாமா, வேணாமா?"

"எம் மூக்கு மேலயே சந்தேகமாடி?"

வழக்கம்போல நுகர்ந்தபடி சுவரைச் சுற்றி வந்தாள். "அணைஞ்சிருச்சு. போய்த் தூங்குடா தெரென்தி. குறட்டை விட்டுக் கூரையப் பேத்துராத!"

எல்லோரும் சிரித்தோம். தெரென்தியும் சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனான்.

லுகேரியா, மிரண்டு ஓடிய மாடுகளைத் தேடிப் போனாள். திரும்பி வந்தபோது சன்னல் கண்ணாடி உட்புறம் கறுத்திருந்தது. கட்டிலை ஒட்டிய சுவரில் பாசி கனன்றிருக்கிறது. புகையிலேயே அவன் போய்விட்டான். சுவர் மட்டும் அசையாமல் நின்றது, பாழாய்ப்போன சுவர்.

அடக்கம் முடிந்து என் வீட்டில் சாவுச் சாப்பாடு. கிளஃபீரா, யாரும் கூப்பிடாமலே, அப்பம் சுட வந்து நின்றாள். பாவம், அவளுக்கும் மனசு ஆறவில்லை என்றுதான் நினைத்தேன். அடுப்புக்கு முதுகைக் காட்டித் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பம் தீய்ந்த வாடை கூடம்வரை வந்துவிட்டது. அவள் பாட்டுக்குத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

லுகேரியா உள்ளே போய்ச் சட்டியை இறக்கிவைத்தாள். கிளஃபீராவின் மூக்கையே பார்த்தாள்.

"எப்பலேருந்து?"

கிளஃபீரா சட்டியைப் பார்த்தாள். தட்டைத் துடைத்த கை நின்றுவிட்டது.

"பனிக்காலத்துல அந்தக் காய்ச்சல் வந்துச்சில்ல… அதுலேருந்து."

"ஏன் சொல்லல?"

"சொன்னா என்னைய யாருடி கூப்பிடுவா?"

லுகேரியா அழவில்லை. கருகிய அப்பத்தைத் தட்டில் எடுத்து வைத்து நீட்டினாள்.

"மொதத் தட்டு ஒனக்குத்தானே. தின்னு."

கிளஃபீரா நின்றபடியே முழுவதையும் தின்றாள்.